மூன்று நிமிடத்துக்குள்: விமான நிலையத் தீயணைப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மதுரை ரிங் ரோட்டில் மண்டேலா நகர்ப் பக்கம் போகும்போது விமானம் தாழ இறங்குவதைப் பார்த்தால் பலரும் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டுவார்கள். அதே நேரத்தில் வேலிக்கு உள்ளே, தீயணைப்பு நிலையத்தின் வாட்ச் ரூமில் இருப்பவரும் அந்த விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சக்கரம் தரையைத் தொட்டதும் எழுகிற புகை வழக்கமான டயர் புகைதானா, இன்ஜினில் ஏதாவது தெரிகிறதா, ஓடுபாதையை விட்டு ஒழுங்காகத் திரும்பியதா என்று, அது நிற்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார்.

இந்த வேலைக்கு வர ஆசைப்படும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் தேர்வும் சம்பளமும்தான். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த முதல் வருடத்தில் எதை எந்த வரிசையில் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை. அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

வேலை என்ன என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

குடோனில் தீப்பிடித்தால் சுற்றி நின்று மணிக்கணக்கில் அணைக்கலாம். விமானத்தில் அந்த அவகாசம் கிடையாது. ஒரு குழாய்க்குள் 180 பேர், இறக்கை நிறைய எரிபொருள். அது கொட்டி வெளியே தீப்பிடித்தால் அலுமினிய உடம்பு ஓரிரு நிமிடத்தில் உருகி ஓட்டை விழும். அதற்குப் பிறகு உள்ளே புகுவது தீயை விடப் புகைதான். 1985 ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், புறப்படும்போதே இன்ஜினில் தீப்பிடித்த விமானம் ஓடுபாதையை விட்டுத் திரும்பி நின்றது. தரையில்தான் நின்றது, தீயணைப்பு நிலையமும் அதே வளாகத்தில்தான் இருந்தது. ஆனாலும் 55 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நச்சுப் புகையால்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. வைத்திருக்கும் நேரக் கணக்கு இந்தக் காரணத்தால்தான் அவ்வளவு கறாராக இருக்கிறது. தகவல் வந்த நொடியிலிருந்து, பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. முடிந்தால் இரண்டு நிமிடம். போய் நின்றால் மட்டும் போதாது, விதித்த நுரை வீச்சில் குறைந்தது பாதியையாவது அடிக்கும் நிலையில் முதல் வண்டி இருக்க வேண்டும்.

அந்த மூன்று நிமிடத்தில் நம்முடைய வேலை, கதவிலிருந்து புல்தரை வரை மனிதர்கள் நடந்து வர ஒரு வழியைத் திறந்து, அதை மூடவிடாமல் வைத்திருப்பது. வால் பக்கம் எரிந்துகொண்டிருந்தாலும் சரி, அந்த வழி திறந்திருந்தால் நாம் சரியாகச் செய்கிறோம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

சேருவதற்கு

இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் அசிஸ்டென்ட், ஃபயர் சர்வீஸ் என்ற பெயரில் ஆள் எடுக்கிறது. தென் மண்டல அறிவிப்பைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு, அல்லது பத்தாம் வகுப்புக்குப் பின் மெக்கானிக்கல், ஆட்டோமொபைல், ஃபயர் ஆகியவற்றில் ஒன்றில் மூன்று வருட டிப்ளமோ கேட்பார்கள். முந்தைய அறிவிப்புகளில் அடிப்படைச் சம்பள வரிசை 31,000 முதல் 92,000 ரூபாய் வரை. எழுத்துத் தேர்வு, உடல் அளவு, டிரைவிங், அப்புறம் ஓட்டம், ஆள் எடையுள்ள பொம்மையைச் சுமந்து ஓடுவது, ஏணி, கயிறு. பெண்களும் வருகிறார்கள், இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

எத்தனையோ பேர் கோட்டை விடுகிற இடம் லைசென்ஸ். கனரக லைசென்ஸ் இல்லாதவர்கள் நடுத்தர வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடமோ, இலகுரக லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமோ ஆகியிருக்க வேண்டும் என்று அறிவிப்புகளில் இருக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினால் பயனில்லை. பதினெட்டு முடிந்ததும் கார் லைசென்ஸ் எடுத்து வையுங்கள். கண் பரிசோதனையையும் இப்போதே செய்துகொள்ளுங்கள். நிறக்குருடு இருந்தால் இந்த வேலை கிடைக்காது. மூன்று வருடம் படித்துவிட்டு அதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

மண்ணைப் படியுங்கள்

பயிற்சி முடிந்து, பாஸ் வாங்கி, விமானப் பகுதியில் வண்டி ஓட்டும் அனுமதியும் வாங்கியான பிறகு எல்லோருக்கும் மானிட்டரை, அதாவது வண்டி மேலிருக்கும் நுரைப் பீரங்கியை, பிடித்து நுரை அடிக்கத்தான் கை துறுதுறுக்கும். பொறுங்கள். முதல் மாதம் வரைபடத்தோடு இருங்கள்.

விமான நிலையத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த கிரிட் மேப் ஒன்று வண்டியிலும் இருக்கும், விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டுக் கோபுரமான டவரிலும் இருக்கும். டவர் ஒரு கட்டத்தின் எண்ணைச் சொன்னதும் மேப்பைத் தேடாமல் உங்கள் தலை அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காக, 09, 27 என்ற இரண்டு முனைகளோடு, சுமார் 2,300 மீட்டர் நீளம் கிடக்கிறது. எந்த டாக்சிவே (விமானம் ஓடுபாதைக்குப் போய்வரும் பாதை) எங்கே சேர்கிறது, எந்த இடத்தில் வண்டி நின்று டவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையெல்லாம் பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை பார்த்து வையுங்கள். இரவில் நீல விளக்கும் பச்சை விளக்கும் கலந்து தெரியும்போது, பகலில் தெரிந்த வழியே வேறு ஊராகிவிடும்.

அப்புறம் வேலிக்கு வெளியே. ஓடுபாதை முனையிலிருந்து 1,000 மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு வண்டி சட்டென்று போக வழி இருக்க வேண்டும் என்கிறது ஐ.சி.ஏ.ஓ. வேலியில் இருக்கும் எமர்ஜென்சி கேட்டுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பாருங்கள். சாவி யாரிடம், தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறதா, வெளியே போனால் மண் பாதையா, கண்மாய்க் கரையா? பெருங்குடி, சின்ன உடைப்பு, வலையங்குளம் என்று சுற்றியுள்ள ஊர்களின் பாதைகளை விடுமுறை நாளில் டூ வீலரில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். கரிசல் கண்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நம்மூர்க் கரிசல் ஐப்பசி மழையில் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மாட்டு வண்டியே புதையும். பல ஆயிரம் லிட்டர் தண்ணீரோடு போகும் கிராஷ் டெண்டர், அதாவது நம் தீயணைப்பு வண்டி, அச்சு வரை இறங்கிவிட்டால் அந்த வண்டி அன்றைக்குக் கணக்கில் இல்லை.

காற்றையும் படியுங்கள். காற்று முதுகில் இருக்கும்படிதான் தீயை அணுக வேண்டும். எதிர்க்காற்றில் நின்றால் நுரை போய்ச் சேராது, புகையும் வெப்பமும் நம் மேல் வரும். ஆடியில் இங்கே மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அம்மியே பறக்கும் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது வடகிழக்குக்கு மாறிவிடும். ஷிஃப்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பான விண்ட் சாக்கைப் பார்க்கும் பழக்கம் வரட்டும்.

விமானத்தைப் படியுங்கள்

விமானத்தின் நீளமும் உடல் அகலமும்தான் நமக்கு எத்தனை வண்டி, எவ்வளவு தண்ணீர் என்பதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று முதல் பத்து வரை வகைகள். ஏடிஆர் 72 சுமார் 27 மீட்டர், ஐந்தாம் வகை. ஏ320 சுமார் 37.6 மீட்டர், ஆறாம் வகை. ஏ321 சுமார் 44.5 மீட்டர், ஆறாம் வகையின் எல்லையான 39 மீட்டரைத் தாண்டிவிட்டதால் ஏழு. ஆறுக்கும் ஏழுக்கும் குறைந்தது இரண்டு வண்டிகள் வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நுரைத் தரங்களில் ஒன்றான பி தரத்தை வைத்துக்கொண்டால் ஏழாம் வகைக்கு விதி சொல்லும் குறைந்தபட்சத் தண்ணீர் 12,100 லிட்டர். வீச்சு நிமிடத்துக்கு 5,300 லிட்டர். வகுத்தால் இரண்டேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முழு வேகத்தில் திறந்துவிட்டால் அவ்வளவுதான், தொட்டி காலி! வண்டிகளில் இதற்கு மேலும் இருக்கலாம், ஆனால் கண்ட இடத்தில் அடிக்கத் தண்ணீர் இல்லை என்பது மனதில் பதியத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது கதவுகள். ஒவ்வொரு ரகத்திலும் எத்தனை கதவு, இறக்கை மேல் வழி உண்டா, வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்று நிஜ விமானத்தின் கீழ் நின்று பழக வேண்டும். ஏடிஆரில் பயணிகள் வால் பக்கக் கதவில் ஏறுவார்கள், முன்னால் இருப்பது சரக்குக் கதவு. புரொப்பெல்லர் முழுதாக நிற்காமல் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஏ320 கதவின் சிறிய ஜன்னலில் சிவப்பு விளக்கு மின்னினால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். அப்போது கைப்பிடியைத் தொடாதீர்கள், கதவு வெடித்தாற்போல் திறந்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். கதவு எதுவுமே திறக்கவில்லை என்றால் வெட்டி நுழைவதற்கான இடத்தைச் சில விமானங்களின் உடலில் சிவப்பு அல்லது மஞ்சள் மூலைக் குறிகளால் காட்டியிருப்பார்கள்.

காலைச் சோதனை

ஷிஃப்ட் மாறும்போது வண்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதைச் சடங்காகச் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளூரப் பதறும். காரணம் இருக்கிறது.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், வேறொரு ஊரில், ஹோஸ் டிரில். லாக்கரிலிருந்து டெலிவரி ஹோஸை எடுத்து உருட்டினேன், இணைப்பு முனையான கப்ளிங்கை மாட்டினேன், 'டக்' என்று பூட்டியது. தண்ணீர் திறந்ததும் இணைப்பிலிருந்து விசிறி மாதிரி பீறிட்டு அடித்து, தண்ணீர் பீய்ச்சும் நுனியான பிராஞ்சுக்கு வெறும் ஒழுக்குத்தான் வந்தது. பெண் கப்ளிங்கின் உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் வாஷர் இல்லை. அன்று காலை அந்த லாக்கருக்கு நேராக டிக் போட்டுக் கையெழுத்து வைத்தவன் நான்தான். கதவைத் திறந்து ஹோஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது, டிக் போட்டேன். டிரில் என்பதால் பிழைத்தோம். அன்றிலிருந்து கண்ணால் பார்த்து டிக் போடுவதில்லை. ஒவ்வொரு கப்ளிங்கிலும் ஆள்காட்டி விரலை விட்டு ஒரு வட்டம் சுற்றுவேன். வாஷர் இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று விரலுக்குத் தெரியும். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

தண்ணீர் மட்டம், நுரைக் கரைசல், உலர் பொடி, பேட்டரி, டயர் காற்று, பிரேக் ஏர், ரேடியோ, விளக்கு, சைரன் எல்லாம் பட்டியலில் இருக்கும். வரிசையை மாற்றாமல் ஒரே திசையில் வண்டியைச் சுற்றி வாருங்கள். யாராவது நடுவில் கூப்பிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

மணி அடித்தால்

மூன்று விதமாகத் தகவல் வரும். லோக்கல் ஸ்டாண்ட்பை என்றால் விமானத்தில் ஏதோ சிறு கோளாறு, நாம் தயாராக நிற்க வேண்டும். ஃபுல் எமர்ஜென்சி என்றால் விபத்து நடக்கும் ஆபத்து உண்டு. கிராஷ் என்றால் நடந்தேவிட்டது. எது வந்தாலும் அசையும் வேகம் ஒன்றாகவே இருக்கட்டும்.

நேரத்தை மிச்சப்படுத்துவது ரோட்டில் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். 4,500 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்கும் வண்டி 40 நொடியில் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும் என்பது ஐ.சி.ஏ.ஓ. அளவு. 80-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 45 நொடி. அதை 90-ல் ஓட்டினாலும் ஐந்து நொடிதான் மிச்சம். பூட்ஸைத் தேடினால் பத்து நொடி போய்விடும்! அதனால்தான் பழைய ஆட்கள் பேண்டைப் பூட்ஸுக்குள்ளேயே சுருட்டி வைத்து, வண்டிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். காலை விட்டு இழுத்தால் போதும். மணி அடிக்கும்போது சாப்பாட்டில் கை இருக்கும், பாதித் தூக்கத்தில் இருப்பீர்கள். அப்படியே எழுந்து போகப் பழக வேண்டும்.

டிரைவர் செய்யும் பெரிய தப்பு, டவர் அனுமதி இல்லாமல் ஓடுபாதைக்குள் நுழைவது. ஒரு விமானத்தைக் காப்பாற்றப் போய் இன்னொன்றின் முன்னால் நின்றுவிடக் கூடாது. சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே சக்கரம் கோட்டைத் தாண்டலாம்.

விமானத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். 2013-ல் சான் பிரான்சிஸ்கோ விபத்தில், விமானத்திலிருந்து வெளியே வீசப்பட்டு நுரை மூடிக் கிடந்த ஒரு சிறுமி மேல் தீயணைப்பு வண்டிகள் ஏறின. புல்லில் ஆட்கள் கிடப்பார்கள், இரவில் கருப்புச் சட்டை போட்டு ஓடி வருவார்கள். நுரை போர்த்திய தரையில் வண்டியை நகர்த்த வேண்டி வந்தால் ஒருவர் இறங்கி முன்னால் நடக்கட்டும்.

நுரை போடுவது

நுரை தீயை அடித்து அணைப்பதில்லை, எரிபொருளின் மேல் போர்வையாகப் படிந்து காற்றை மறிக்கிறது. அதனால் கொட்டிக் கிடக்கும் எண்ணெய்க்குள் நேராகப் பாய்ச்சினால் எண்ணெய் தெறித்துத் தீ பரவும். முன்னால் தரையில் அடித்து உருண்டு போகவிடுங்கள், அல்லது விமான உடம்பில் பட்டு வழியவிடுங்கள். தோசைக்கல்லில் மாவை ஊற்றி நடுவிலிருந்து பரப்புகிற பக்குவம்தான் இது. போர்வை படிந்த இடத்தில் பிறகு வெறும் தண்ணீரை அடித்தால் அது கிழிந்துவிடும்.

முதல் வீச்சு விமானத்தின் உடம்புக்கும் தீக்கும் நடுவே விழட்டும். கதவும் சறுக்கும் ஸ்லைடும் இருக்கும் பக்கத்தைக் குளிர வைத்து, தீயை அங்கிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மறுபக்கத்திலிருந்து அடித்தால் தீயை இறங்கி வருகிறவர்கள் மேலேயே தள்ளுகிறோம். ஸ்லைடில் வரும் ஆட்கள் மேல் மானிட்டர் வீச்சு படக் கூடாது, அது ஆளை உருட்டிவிடும் பலம் உள்ளது.

புகைக்குள் போவது

மூச்சுக் கருவியின் கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம், பெருக்கினால் 2,040 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் காகிதத்தில் 51 நிமிடம். ஆனால் ஆளை இழுத்துக்கொண்டு வரும்போது மூச்சு இரண்டு மடங்கு வாங்கும். 55 பார் அளவில் விசில் கத்த ஆரம்பிக்கும். அது வெளியே வந்து சேர்வதற்கான காற்று, வேலையைத் தொடர்வதற்கானது இல்லை. தனியாக உள்ளே போகாதீர்கள், உள்ளே யார் இருக்கிறார் என்று காட்டும் உங்கள் டேக்கை வெளியே போர்டில் மாட்டாமல் போகாதீர்கள். முகமூடி ஓரத்தில் தாடி இருந்தால் காற்று கசியும், ஷிஃப்டுக்கு மழித்துவிட்டு வாருங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் அலுமினிய உடை போட்டுப் பத்து நிமிடம் டிரில் செய்தாலே உடம்பு கொதிக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருங்கள். எனக்கு உப்புப் போட்ட நீராகாரத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடிக்கடி வருவது சூடான சக்கரம்

பெரிய விபத்து ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறுகிறவர்கள்தான் அதிகம், அப்படியே இருக்கட்டும். ஆனால் பிரேக் சூடேறிப் புகையும் சக்கரத்தைப் பார்க்காமல் யாரும் இருக்க முடியாது. முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ மட்டும் அணுகுங்கள். அச்சின் நேராகப் பக்கவாட்டில் நிற்காதீர்கள், சக்கரம் வெடித்தால் துண்டுகள் அந்தத் திசையில்தான் பாயும். வெறும் சூடு, புகை மட்டும் என்றால் தானாக ஆறவிடுங்கள். சூடான உலோகத்தில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் அதுவே வெடிக்கக் காரணமாகும். தீ தெரிந்தால் உலர் பொடி.

ஓடி வரும் ஊர்க்காரர்கள்

2020 ஆகஸ்ட் 7 இரவு கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்த விமானத்தில் 190 பேர் இருந்தார்கள், 21 பேர் இறந்தார்கள். கொட்டும் மழையில், கொரோனா பயத்தையும் பார்க்காமல், அக்கம்பக்கத்து மக்கள் காயம்பட்டவர்களைத் தங்கள் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நம் பக்கத்து ஊர்களிலும் அப்படித்தான் ஓடி வருவார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர்களை விரட்டாதீர்கள். எரிபொருள் கொட்டிய இடத்துக்கு வராமல், பீடி பற்றவைக்காமல், ஸ்ட்ரெச்சர் தூக்கும் இடத்தில் நிற்கவைக்க நம்மில் ஒருவர் வேண்டும். வெள்ளந்தியாக உதவ வந்தவருக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது.

நகரத் தீயணைப்பு வண்டிகளும் 108 ஆம்புலன்ஸ்களும் நேராக ஓடுபாதைக்கு வர முடியாது. அவை வந்து கூடும் இடம் ஒன்று குறித்திருக்கும், அங்கிருந்து நம் வண்டி வழிகாட்டி அழைத்துப்போகும். காயம்பட்டவர்களை நிலைமையின் அவசரத்தைப் பொறுத்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருப்பு என்று பிரித்து, சிவப்பை முதலில் அனுப்ப வேண்டும். ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு எந்த வழியில் போவது என்பது சித்திரைத் திருவிழா நாளில் ஒன்று, சாதாரண நாளில் வேறொன்று. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் முழு ஒத்திகையில் இதையெல்லாம் நிஜம்போலவே செய்து பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

உடை, கையுறை, முகமூடி எல்லாவற்றையும் நிலையத்துக்கு வெளியிலேயே கழுவுங்கள். தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழிலாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-ல் வகைப்படுத்தியிருக்கிறது. கரி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். பழைய நுரை ரகங்களில் இருக்கும் ஃப்ளோரின் ரசாயனமும் நல்லதில்லை. கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கழுவிய தண்ணீர் கண்மாய்ப் பக்கம் போகும் வாய்க்காலில் இறங்காமல் பாருங்கள்.

ஆனால் கழுவுவதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. தொட்டி காலியான வண்டி நின்றுகொண்டிருக்கும்வரை விமான நிலையத்தின் பாதுகாப்பு வகை இறங்கியே இருக்கிறது, பெரிய விமானங்கள் இறங்க முடியாமல் போகலாம். மேலே யாராவது சுற்றிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தண்ணீர் நிரப்பும் குழாயான ஹைட்ரண்டில் ஹோஸை மாட்டுங்கள், மாட்டும் முன் விரலை விட்டு வாஷரைப் பாருங்கள். தண்ணீரும் நுரையும் நிரம்பி, அளவைக் கண்ணால் பார்த்த பிறகு வாட்ச் ரூமிலிருந்து டவருக்குச் சொல்லுங்கள், வண்டி தயார் என்று.